கர்ணத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ்

நாயும் பீடியும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் இந்த முடிவுக்கு வந்தேன். இரண்டில் ஒன்று போயே ஆகவேண்டும். பீடி போகாது. அது கல்யாணத்துக்கு முந்தியே வந்தது. நாய் நேற்று வந்தது. சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நாயின் பெயர் கர்ணம். ஊர்க் கணக்கு பார்ப்பாரே கர்ணம், அவர் உத்தியோகத்தைத்தான் என் மனைவி ஆதிலட்சுமி அதற்குப் பெயராக வைத்தாள். குட்டியாக வந்தபோதே, வீட்டில் எது எங்கே இருக்கிறது, யார் எதை எங்கே எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். பிறகு அரசாங்கம் கர்ணம் உத்தியோகத்தையே எடுத்துவிட்டது. உத்திரமேரூர் தாலுகாவில் இருந்த கர்ணமெல்லாம் வீட்டுக்குப் போனார்கள். என் வீட்டுக் கர்ணத்துக்கு மட்டும் எந்த உத்தரவும் வரவில்லை.

நாய்மேல் எனக்கு முன்விரோதம் ஏதும் கிடையாது. எல்லாம் அந்த இருமலால் வந்த வினை. ஐப்பசி மழையில் பிடித்த இருமல் பொங்கலாகியும் விடவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். பீடியை விடு, காலையும் சாயங்காலமும் நட, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் பக்கத்தில் ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் மனுஷன் தனியாகப் போகவேண்டும் ஐயா.

அன்றைக்கு ஆரம்பித்தது. பீடிக்கட்டை வைக்கோல் போரில் செருகினேன். கர்ணம் இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது. மோட்டார் கொட்டகையில் மண்வெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அரை மைல் தொலைவு, அதையும் கவ்விக்கொண்டு வந்தது. எருக்குழிப் பக்கத்தில் புதைத்தேன். தோண்டிவிட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் நாயின் தலையைத் தடவிவிட்டு, பீடிக்கட்டை அப்படியே அடுப்பில் போடுவாள். என் பீடியில் வெந்த சோற்றை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"இன்னா மாமா, சோத்துல புகை வாடை அடிக்குதா?"

"இல்ல."

"அடிச்சா சொல்லு. நாளைக்கி நல்ல வெறகா வைக்கிறேன்."

இப்படிப் பேசுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் நாயை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். சாலவாக்கத்தில் அவள் தம்பி சின்னராசுவுக்குக் கொல்லை இருக்கிறது, பம்ப்செட் இருக்கிறது, காவலுக்கு நாய் இல்லை. பொருத்தமான இடம். சொன்னால் மட்டும் அவள் ஒப்பமாட்டாள். அவள் வாயாலேயே ஒப்ப வைக்க ஒரு வழி வேண்டும்.

வழி தானாக வீடு தேடி வந்தது. பாங்கில் கடன் வாங்கி ஒரு சீமைப்பசு பிடித்திருந்தோம். கடன் மாடு என்றால் இன்சூரன்ஸ் உண்டு. இன்சூரன்ஸ் என்றால் மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லை குத்தவேண்டும். மாடு செத்தால் அந்த வில்லையோடு காதை அறுத்துக்கொண்டு போய்க் காட்டினால்தான் பணம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. அந்த வில்லையைக் குத்தக் காஞ்சிபுரத்திலிருந்து ஏஜென்ட் தாமோதரன் வந்தார். கையில் குறடு, பையில் வில்லைகள், சட்டைப் பையில் மூன்று பேனா.

எங்கள் பசுவுக்குக் குத்தினார். டீக்கடை எல்லப்பன் தன் கிழட்டு எருமையையும் ஓட்டிக்கொண்டு வந்தான். தாமோதரன் எருமையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்.

"இத்த எடுக்க மாட்டோம். வயசாயிடுச்சி. கம்பெனி ஒத்துக்காது."

எல்லப்பன் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கோ மனசுக்குள் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. கிழட்டு எருமையையே எடுக்காத கம்பெனி கிழட்டு நாயை எடுக்குமா?

"சார், நாய்க்கு எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

தாமோதரன் சிரித்தார். "மெட்ராஸ்ல பெரிய பெரிய பங்களாவுல எடுக்கறாங்கன்னு கேள்வி. ஆபீஸ்ல கேட்டுதான் சொல்லணும்."

எல்லார் எதிரிலும் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டேன். நியாயஸ்தன் மாதிரி குரலை வைத்துக்கொண்டேன்.

"ந்தா ஆதிலட்சுமி. கர்ணத்துமேல நீ உசுரயே வச்சிக்கினு கீற. செரி. கம்பெனி அதுக்கு இன்சூரன்ஸ் குடுத்துதுன்னா, நாயி இங்கயே இருக்கட்டும். நா வாயத் தொறக்க மாட்டேன். குடுக்கலன்னா, அது ஒடம்பு சொத்தைன்னு அர்த்தம். சாலவாக்கத்துக்கு அனுப்பிடணும். இன்னா சொல்ற?"

அவள் நாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதே நேரத்தில் எனக்கு இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"செரி மாமா. ஆனா ஒண்ணு. கம்பெனி எடுத்துக்கினா, அவங்க சொல்ற கண்டிசனுக்கெல்லாம் நீ கட்டுப்படணும். நடுவுல முறுக்கிக்கக் கூடாது."

"கட்டுப்படறேன். எல்லப்பா, நீதான் சாட்சி."

என் வாயாலேயே சாட்சி வைத்துக்கொண்டேன் பாருங்கள்.

பிறகு நான் பசுவைத் தண்ணிக்கு ஓட்டிப் போனேன். திரும்பி வந்தபோது தாமோதரன் சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரைப் பொரியலும் காரக்குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமி கரண்டியோடு நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவருக்குச் சோறு போடுகிறவள் நாலு வார்த்தை பேசமாட்டாளா? நான் சந்தேகப்படவில்லை. அதற்கு இப்போது வருத்தப்பட்டு என்ன செய்வது.

அடுத்த வாரம் தாமோதரன் வந்தார். கூடவே கண்ணாடி போட்ட ஒரு வாலிபர். "கம்பெனி டாக்டர், வேதகிரி" என்று அறிமுகம் செய்தார்.

"ஆபீஸ்ல ஒத்துக்கினாங்க முத்துகிருஷ்ணன்" என்று என்னிடம் சொன்னார். என் கணக்கு தப்பிப் போயிற்று. "ரெண்டு ஸ்கீம் கீது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். ஒண்ணு, நாயி செத்தா பணம் வரும். இன்னொண்ணு, ஒடம்புக்கு வந்தா வைத்தியம் பாக்கறது."

"செத்தா வர்றதுதான் சார் இன்சூரன்சு" என்றேன். "மாட்டுக்கு அப்பிடித்தான கீது."

ஆதிலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். "செத்தப்புறம் பணத்த வச்சிக்கினு நா இன்னா பண்றது? மடியில வச்சிக் கொஞ்சறதா? சார், சாவாம கீறதுக்கு எது?"

"ரெண்டாவதும்மா."

"அதயே போடுங்க."

"அதுல கண்டிசன் ஜாஸ்தி" என்றார் தாமோதரன்.

"இருக்கட்டும். இவரு கட்டுப்படறேன்னு சொல்லிக் கீறாரு. சாட்சி கீது."

பிரீமியத்தைக் கோழி முட்டைக் காசில் தானே கட்டிவிடுவதாகவும் சொன்னாள். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"டாக்டர், உண்மையச் சொல்லிடறேன். நாயிக்கு வயசாச்சி. பல்லு இல்ல. இருமுது."

கர்ணம் அந்த நேரம் பார்த்து நீளமாகக் கொட்டாவி விட்டது. பல் வரிசை மல்லிகை அரும்பு கட்டினது போல முழுசாக இருந்தது.

"இருமறது நாயில்ல" என்றாள் ஆதிலட்சுமி.

டாக்டர் குந்தி உட்கார்ந்து நாயின் மார்பில் குழாயை வைத்தார். எடுத்தார். "நல்லாருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டையக் கழட்டுங்க" என்றார்.

"எனக்கு எதுக்கு?"

"நாய் மோப்பத்துல வாழற பிராணி. எஜமான் விடற மூச்சத்தான் அது இழுக்குது. எஜமான் மூச்சு எப்படின்னு தெரியாம நாய எடுக்க முடியாது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாய்க்கு ஒரு தடவை வைத்த குழாயை எனக்கு முன்னால், பின்னால், விலாவில் என்று வைத்துக்கொண்டே இருந்தார். இழு என்றார். விடு என்றார். நாக்கை நீட்டச் சொன்னார். கர்ணமும் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஆதிலட்சுமியைப் பார்த்துக் கொஞ்சம் கவலையாகத் தலையசைத்தார். நாய்க்கு ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கண்டிஷன்களை டாக்டர் வாயாலேயே சொன்னார். நாய் இருக்கிற வீட்டில் புகை ஆகாது. வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தாலும் ஆகாது, துணியில் வாடை வரும். காலையும் சாயங்காலமும் ஏரிக்கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாயை நடத்தவேண்டும். கூலிக்காரன் கூட்டிப் போகக்கூடாது, எஜமானே போகவேண்டும். எண்ணெய்ப் பலகாரம் நாய்க்கு விஷம். எஜமான் தின்பதைப் பார்த்தால் நாய் ஏங்கும், ஏங்கினால் ஈரல் கெடும். ஆகவே எஜமானும் தின்னக்கூடாது. மாதம் ஒரு தடவை டாக்டர் வந்து இரண்டு பேரையும் சோதிப்பார். ஒன்று மீறினாலும் இன்சூரன்ஸ் ரத்து.

"ரத்தானா நாயி சாலவாக்கம் போவணும் இல்ல?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"நாயி போவாது" என்றாள் ஆதிலட்சுமி. "ஒன்னால ரத்தாச்சின்னா, நீ பேச்சு மாறினவன்னு எல்லப்பன் கடையில வச்சிச் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீயே சாலவாக்கம் போயிக் காவல் இரு."

தாமோதரன் பையிலிருந்து குறடு எடுத்தார். நாயின் காதைத் தொட அவள் விடவில்லை. வில்லையில் கயிறு கோத்துக் கர்ணத்தின் கழுத்தில் கட்டினாள். அது உடனே ஒரு உத்தியோகஸ்தன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விடிந்ததும் கர்ணம் வந்து என் போர்வையை இழுக்கும். ஏரிக்கரைக்குப் போகவேண்டும். எங்கள் ஏரிக்கரை லேசுப்பட்ட கரையில்லை. எந்த ராஜா வெட்டினாரோ, சின்னதாக வெட்டியிருக்கக்கூடாதா என்று தினமும் கேட்டுக்கொண்டே நடப்பேன். நாய் முன்னால் இழுக்கும். நான் பின்னால் ஓடுவேன். எதிரில் வருகிற நாற்று நடும் பெண்கள் ஒதுங்கி நின்று சிரிப்பார்கள்.

"இன்னா முத்து" என்பான் எல்லப்பன், டீக்கடையிலிருந்து. "யாரு யார மேய்க்கிறது?"

"இன்சூரன்ஸ்டா. ஒனக்கு இன்னா தெரியும்."

"ஒரு போண்டா துன்னுட்டுப் போ."

கர்ணம் போண்டாவைப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். ஈரல் கெட்டுவிடும் என்ற பயத்தில் நான் நடையைக் கட்டுவேன். நாயின் ஈரலுக்காக நான் விட்ட போண்டாவை எண்ணினால் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம்.

பீடியையும் உடனே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சித்திரையில் ஒரு நாள் கரும்புக் கொல்லைக்கு நடுவில் போய் ஒன்று பற்ற வைத்தேன். மேலுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு, வேப்பிலை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். கர்ணம் கிட்டே வந்து மோந்தது. அடுக்கடுக்காகத் தும்மியது.

"ஐயோ பாவம்" என்றாள் ஆதிலட்சுமி, என்னைப் பார்க்காமல். "இன்சூரன்ஸ் நாயி தும்முதே. டாக்டருக்கு ஆள் சொல்லி அனுப்பட்டுமா மாமா? இல்ல, எல்லப்பன் கடைக்கே போயிச் சொல்லிட்டு வரட்டுமா?"

"வேணாம்."

"ஏன் ஒனக்குக் கண்ணு கலங்குது?"

"வேப்பிலை கசக்குது."

அதோடு விட்டேன். பயத்தில் விடவில்லை, அலுப்பில் விட்டேன். கரும்புக் கொல்லைக்குப் போய், குளித்து, வேப்பிலை மென்று, ஒரு பீடிக்கு இத்தனை வேலை என்றால் நெல்லே பயிர் செய்துவிடலாம். டாக்டர் மாதாமாதம் வந்தார். நாயை ஒரு தட்டு தட்டுவார். என்னை இழு, விடு என்பார். ஆடி மாதம் சிரித்தார். புரட்டாசியில் அவளிடம், "இனிமே பயமில்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நாய்க்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை வந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் என் இருமல் வந்துவிடும். இந்தத் தடவை மழை மட்டும்தான் வந்தது. இருமியது யார் தெரியுமா? கர்ணம். ஒரு சாயங்காலம் முழுக்க லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டே கிடந்தது.

நான் கவலைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பட்டேன். கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை மாதம் நான் பட்ட கஷ்டத்துக்குக் கம்பெனியை இன்றைக்குக் கேட்டுவிடுவது. வைத்தியம் பார்த்தே தீரவேண்டும். ஆதிலட்சுமியிடம் சொல்லாமல், வில்லை நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு, காலை பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன்.

ஆபீஸில் இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் கேட்டார்.

"பெரியவரே, நாங்க மாடு, எருமை எடுக்கறோம். ஆடு எடுக்கறோம். இந்த ஆபீஸ்ல நாய்க்குக் கிடையாது."

"வில்லை கீதே சார்" என்று நம்பரைச் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"அது தாமோதரன் பையில இருந்த பழைய வில்லை. இன்னும் எந்த மாட்டுக்கும் போடாதது."

"அப்ப டாக்டர் வேதகிரி?"

"தாமோதரன் மச்சானா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில நெஞ்சு டாக்டர். மனுஷங்களுக்குப் பாக்கறவரு."

பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே தேவையில்லை, ஓடியே வந்திருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்தேன். ஆதிலட்சுமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கர்ணம் பக்கத்தில் படுத்திருந்தது. இருமவில்லை.

"தொண்டையில எலும்பு மாட்டிக்கினு இருந்திச்சி. கக்கிடுச்சி" என்றாள். "நீ எங்க போயிட்ட, நாஷ்டாகூட துன்னாம?"

"காஞ்சிபுரம்."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் உரித்தது.

"நாயிக்கு இன்சூரன்சே கெடையாதாமே?"

"கெடையாதுதான்."

"டாக்டரு மனுச டாக்டராமே?"

"நீ மனுசன்தான மாமா."

"ஆதிலட்சுமி, பேச்சு பேச்சா இருக்கட்டும். இன்சூரன்ஸ் இல்லன்னா நாயி சாலவாக்கம் போவணும். நா இன்னிக்கே பீடி குடிப்பேன்."

"கூட்டிக்கினு போ. பீடிக்கட்டு அரிசிப் பானையில கீது. நாந்தான் வாங்கி வச்சேன். இன்னிக்கோ நாளைக்கோ ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்." அவள் தலையைத் தூக்கவில்லை. "எங்க நைனாவும் இப்பிடித்தான் இருமிக்கினே கெடப்பாரு. ஒரு நாளு சத்தம் நின்னுபோச்சி. அப்ப எனக்குப் பாவாட கட்டற வயசு. நீ இருமனா எனக்கு பயம். இருமறத நிறுத்தனா அத்தவிட பயம். கண்ணாலம் ஆன நாளா ஐப்பசி மாசத்துல நா தூங்கனதில்ல மாமா. இந்த ஐப்பசிலதான் தூங்கறேன்."

ஆனாலும் ஆம்பிளை என்று ஒருத்தன் ஏதாவது செய்தாகவேண்டும். அரிசிப் பானையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலவாக்கம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

சாயங்கால நேரம். பஸ் நிறுத்தத்துக்கு வலது பக்கம் திரும்பவேண்டும். கர்ணம் இடது பக்கம் ஏரிக்கரைக்குத் திரும்பியது. என் காலும் திரும்பியது. பாதிக் கரையில் நின்று ஒரு பீடியைப் பற்ற வைத்தேன். ஒரு இழுப்பு. சாணி வரட்டி வாடை அடித்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று இருந்தது. கர்ணம் தும்மியது. எனக்கும் தும்மல் வந்தது. கீழே ரோட்டில் சாலவாக்கம் பஸ் ஒலி எழுப்பிக்கொண்டே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பீடிக்கட்டை ஏரியில் வீசிவிட்டு அந்தக் கோடி வரை நடந்தோம்.

திரும்பி வந்தபோது என் தட்டும் நாயின் சட்டியும் தயாராக இருந்தன. யாரும் சாலவாக்கம் போவார்கள் என்று அவள் நினைத்ததாகவே தெரியவில்லை. நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கடைசியாக ஒரு கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"நாயி இருக்கட்டும். அந்தப் பொய் வில்லையையாவது கழட்டிப் போடு. ஊர் சிரிக்கும்."

"போடக் கூடாது மாமா. எட்டு மாசமா நல்லா வேல செஞ்சிக் கீது." அவள் வில்லையைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "யாருக்கு எடுத்தமோ அவங்ககிட்ட இருக்கணும்."

இப்போது அந்த வில்லை என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. நாய்க்குக் கழுத்தில் உறுத்துகிறதாம்.